கடைவீட்டு அரையிருளில் ஆடாமல் படமெடுக்க: ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பினாங்கில் கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய பழைய கடைவீடுகளுக்கு முகப்பு குறுகல், உள்நீளம் மிக அதிகம். இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நிற்பதால், முன்பக்கத்துச் சன்னல், பின்கட்டு, நடுவில் இருக்கும் வானம் பார்த்த முற்றம் ஆகிய மூன்று வழிகளில்தான் வெளிச்சம் உள்ளே வர முடியும். தெரு வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தவுடன் சில நொடிகள் கண் இருண்டு, பிறகு எல்லாம் தெளிவாகத் தெரியத் தொடங்குவதால், உள்ளே எவ்வளவு இருட்டு என்பதை நாம் உணர்வதே இல்லை. கேமராவின் கணக்கில் அந்த வேறுபாடு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. நண்பகல் வெயிலில், லென்ஸின் திறப்பை எஃப் 5.6 துளையாகவும் (எண் சிறியதானால் துளை பெரிது), ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ.வை 100 ஆகவும் வைத்தால், ஷட்டர் 1/1000 நொடி திறந்தால் போதும். அதே அமைப்பை இரவில் ஒற்றைக் குழல்விளக்கு எரியும் கூடத்தில் வைத்தால் ஒரு முழு நொடி தேவைப்படும். ஒரு நொடி கேமராவை அசையாமல் கையில் பிடித்திருக்க எவராலும் முடியாது. வீட்டுக்குள் எடுத்த படங்கள் ஆடிப்போவதற்கு மூல காரணம் இதுதான். படமெடுப்பவரின் கை நடுக்கத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

கீழே உள்ள படிகளை நான் ஒரு வரிசையில் சொல்கிறேன். பலரும் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்து, அதாவது முக்காலியையோ புதிய லென்ஸையோ வாங்கிவிட்டு, முதலில் செய்ய வேண்டியதைச் செய்யாமலே விடுகிறார்கள் என்பதால் இந்த வரிசை முக்கியமானது.

முதல் படி: படம் உண்மையில் ஆடியதா என்று பாருங்கள்

சித்தப்பா மகளின் நிச்சயதார்த்தம் ஒரு கடைவீட்டின் மாடியில் நடந்தபோது நான் இருநூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். விளக்கேற்றிய பிறகு எடுத்தவை அனைத்தும் தெளிவில்லாமல் இருந்தன. லென்ஸின் குவியம் பழுதாகிவிட்டது என்று நானே முடிவு செய்து, பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். லென்ஸில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். சோதித்ததற்கான கூலியை நான் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, பின்னால் தொங்கிய சரவிளக்கின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே திசையில் இழுபட்டு, ஒரு சிறு கொக்கியைப் போல வளைந்திருந்தது. என் கை போன வழியை அந்தக் கொக்கிகள் வரைந்து காட்டியிருந்தன.

ஆகவே, தெளிவற்ற ஒரு படம் கையில் கிடைத்தால், அதில் சிறிய ஒளிப்புள்ளிகளைத் தேடுங்கள். சரவிளக்கு, குத்துவிளக்கின் பித்தளையில் தெரியும் மினுக்கம், மூக்குத்திக் கல் எதுவானாலும் சரி. எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் கோடாக நீண்டிருந்தால், கேமரா அசைந்திருக்கிறது. புள்ளிகள் உருண்டையாகப் பெருத்து, படத்தில் வேறு ஏதோ ஓர் இடம் மட்டும் கூர்மையாக இருந்தால், குவியம் தவறியிருக்கிறது. சுவரும் விளக்கும் கூர்மையாக இருந்து ஆள் மட்டும் கரைந்திருந்தால், அசைந்தவர் அவர்தான். படம் முழுவதும் பால் ஊற்றியதைப் போல வெளுத்திருந்தால் லென்ஸைத் துடையுங்கள். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கி நம் ஊர் ஈரக்காற்றுக்குள் வந்த கண்ணாடியில் நீராவி படிந்திருக்கும். கேமராவைப் பைக்குள்ளேயே மூடி வைத்து, அரை மணி நேரம் கழித்து வெளியே எடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது.

இந்த நான்கிற்கும் மருந்து வேறு வேறு. இனி வருவது முதல் வகைக்கானது. மூன்றாவது வகையும் இடையிடையே வந்து போகும்.

உங்கள் கையின் எல்லையை அளந்துகொள்ளுங்கள்

ஃபிலிம் காலத்திலிருந்து வழங்கிவரும் விதி ஒன்று உண்டு: லென்ஸின் குவியத்தூரம் (இந்த எண் கூடினால் காட்சி பெரிதாகத் தெரியும்) எத்தனை மில்லிமீட்டரோ, ஷட்டர் வேகம் குறைந்தது நொடியில் அத்தனையில் ஒரு பங்காக இருக்க வேண்டும். 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50, 200 மி.மீ. லென்ஸுக்கு 1/200. இது 35 மி.மீ. ஃபிலிமுக்கான கணக்கு. ஒளியைப் படமாக்கும் சில்லு, அதாவது சென்சார், சிறியதாக உள்ள கேமராக்களில் நிக்கான், சோனி, ஃபியூஜி ஆகியவற்றுக்கு 1.5 ஆலும் கேனனுக்கு 1.6 ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்பதால், 50 மி.மீ. லென்ஸுக்கு ஏறத்தாழ 1/80 ஆகிறது.

இந்த விதி அஞ்சலட்டை அளவுப் படத்துக்குப் போதுமானது. இன்றைக்குப் படத்தைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கும் வழக்கம் வந்துவிட்டதால் நான் அதை இரட்டித்துக்கொள்கிறேன். காரணம் எளிது. 24 மெகாபிக்சல் கொண்ட சிறிய சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 4 மைக்ரான் அளவுதான். 50 மி.மீ. லென்ஸ் மாட்டிய அந்தக் கேமரா, ஒரு பாகையில் இருநூறில் ஒரு பங்கு திரும்பினாலே படம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். கைக்கு அது அசைவென்றே தெரியாது. கேமரா பக்கவாட்டில் நகர்வதைவிட இப்படி நுண்ணளவில் திரும்புவதும் தலையாட்டுவதுமே பெரிய கேடு என்பதும் இதிலிருந்து விளங்கும்.

ஆனால் விதி எல்லார் கைக்கும் ஒன்றல்ல. உங்கள் எல்லையை நீங்களே கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ராகுகாலம், எமகண்டம், குளிகை என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைவிடச் சிறந்த சோதனைத்தாள் வேறு கிடையாது. இரண்டு மீட்டர் தள்ளி நின்று, 1/100, 1/50, 1/25, 1/13, 1/6 என்று ஒவ்வொரு வேகத்திலும் பத்துப் படங்கள் எடுங்கள். பிறகு கணினியில் பெரிதாக்கி, எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருக்கும் படங்களை எண்ணுங்கள். பத்துக்கு எட்டு தேறும் மிக மெதுவான வேகம்தான் உங்கள் எல்லை. அதை மனத்தில் வைத்துக்கொண்டால் பிற்பாடு குழப்பமே இல்லை. இரண்டு கோப்பை கோப்பி குடித்த பிறகும், மாடிப்படி ஏறி வந்த உடனும் இதே சோதனையைச் செய்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் என் எல்லை ஒரு படி மோசமானது, அதாவது இன்னும் வேகமான ஷட்டர் தேவைப்பட்டது.

கேமராவைத் தொடுமுன் வெளிச்சத்தைத் தேடுங்கள்

சன்னல் கதவைத் திறப்பதற்குக் காசு இல்லை. இருந்தும் பலர் இதைச் செய்யாமல் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுகிறார்கள். கடைவீட்டில் முற்றத்தின் ஓரம்தான் மிகச் சிறந்த இடம். மேலிருந்து இறங்கும் அந்த வெளிச்சம் மென்மையானது. ஆளை முற்றத்தின் நடுவில் நிறுத்தினால் கண்குழியில் நிழல் விழும் என்பதால், தூண் ஓரமாக இரண்டடி உள்ளே நிறுத்தி, முகத்தை முற்றத்தின் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். கூடத்தின் உட்பக்கத்தில் 1/15 காட்டிய கேமராவின் ஒளிமானி இங்கே 1/125-க்கு மேல் காட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அடுக்குமாடி வீடுகளில் பால்கனிக் கதவு இதே வேலையைச் செய்யும்.

இரவில் குழல்விளக்கையும் எல்.இ.டி. விளக்கையும் நம்பித்தான் எடுக்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மலேசியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஓடுகிறது. அதனால் பழைய வகைக் குழல்விளக்குகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்கு இது தெரியாது. ஷட்டர் வேகம் 1/100 அல்லது 1/50 ஆக இருந்தால் முழுத் துடிப்பும் படத்துக்குள் அடங்கிவிடும். 1/250 அல்லது 1/500 என்று ஏற்றினால், ஒரு படம் பிரகாசமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும், அல்லது படத்தின் குறுக்கே மஞ்சளும் கருமையுமாகப் பட்டைகள் விழும். ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தப் பட்டை இன்னும் மோசமாகத் தெரியும். ஆட்டத்தைத் தவிர்க்க வேகத்தைக் கூட்டுங்கள் என்ற அறிவுரைக்கு நம் வீட்டு விளக்குகள் 1/100-இல் ஒரு வரம்பு கட்டிவிடுகின்றன என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

துளை, ஐ.எஸ்.ஓ., வேகம்

எந்த வேகம் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற இரண்டும் அதற்கு ஏற்ப அமையட்டும். அசையாத பொருளுக்கு உங்கள் கையின் எல்லையே போதும். அமைதியாக உட்கார்ந்திருப்பவருக்கு 1/60, பேசிக்கொண்டிருப்பவருக்கு 1/100 அல்லது 1/125, ஓடும் குழந்தைக்கும் ஆரத்தி சுற்றும் கைக்கும் 1/250 என்று நான் வைத்துக்கொள்கிறேன். கடைசியாகச் சொன்னதில் விளக்குத் துடிப்பின் தொல்லை வரலாம். அங்கே பகல் வெளிச்சத்தைத் தேடுவதே நல்லது.

இப்போது அதே ஒற்றைக் குழல்விளக்குக் கூடத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வோம். கேமராவுடன் வரும் சாதாரண ஜூம் லென்ஸை எஃப் 5.6-இல் வைத்து ஐ.எஸ்.ஓ. 1600 கொடுத்தால் 1/15 கிடைக்கும். ஐ.எஸ்.ஓ.வை 6400-க்கு உயர்த்தினால் 1/60 கிடைக்கும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டினால், ஐ.எஸ்.ஓ. 1600-லேயே 1/160 வந்துவிடும். பெரிய நிறுவனங்கள் பலவும் தம் லென்ஸ் வரிசையில் மிக மலிவானவற்றுள் ஒன்றாக இதை விற்கின்றன என்பதால், வீட்டுக்குள் அடிக்கடி படமெடுப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை. ஒரே எச்சரிக்கை: ஒன்றரை மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் ஆறேழு சென்டிமீட்டர்தான். ஒருவரை எடுக்கக் கண்ணில் குவியம் வைத்தால் போதும். இரண்டு வரிசையாக நிற்கும் குடும்பத்தை எடுக்க எஃப் 4-க்காவது போக வேண்டும்.

வேறு லென்ஸ் இல்லாதவர்கள் ஒன்றைச் செய்யலாம்: ஜூம் செய்யாதீர்கள், நடந்து கிட்டே போங்கள். 18-55 மி.மீ. லென்ஸ் 18-இல் எஃப் 3.5 வரை திறக்கும், 55-இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும். வெளிச்சம் அங்கே இரண்டரை மடங்கு குறைகிறது. அத்துடன் குவியத்தூரம் மூன்று மடங்கு கூடுவதால் ஆட்டமும் மூன்று மடங்கு பெரிதாகத் தெரிகிறது. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ எட்டு மடங்கு நட்டம். 18-இல் மிக அருகில் போனால் மூக்கு பெரிதாகத் தெரியும் என்பதையும், ஓரத்தில் நிற்கும் அத்தையின் கன்னம் அகன்றுவிடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 24 அல்லது 28-இல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஐ.எஸ்.ஓ.வைக் கண்டு அஞ்சுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 6400-இல் மணல்போல் வரும் பொரியை மென்பொருள் பெருமளவு தேய்த்துவிடும். ஆடிப்போன முகத்தை அப்படி மீட்க முடியாது. பொரிக்குப் பயந்து இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் வெளிச்சமேற்றினாலும் நிழல்களில் அதே பொரி கிளம்பத்தான் செய்யும். கேமராவின் ஆட்டோ ஐ.எஸ்.ஓ. பட்டியலில், வேகம் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று வரையறுக்கும் ஓர் அமைப்பு பெரும்பாலும் இருக்கும். அதில் 1/100 என்று ஒருமுறை வைத்துவிட்டால் விழா முழுவதும் அந்தக் கவலை இல்லை.

உடம்பே முக்காலி

வலக்கை கேமராவின் பிடியைப் பற்றட்டும். இடக்கையின் உள்ளங்கை வானத்தைப் பார்த்தபடி லென்ஸின் அடியில், ஒரு சொம்பைத் தாங்குவதைப் போலத் தாங்கட்டும். எடை முழுவதும் இடக்கையில் இருக்க வேண்டும். லென்ஸை மேலிருந்து பிடிப்பவரின் முழங்கை இறக்கையைப் போல விரிந்துவிடும், அதில் நிலை இல்லை. இரண்டு முழங்கைகளையும் விலா எலும்போடு ஒட்டுங்கள். கேமராவைக் கண்ணருகே கொண்டுவந்து புருவத்தில் அழுத்தினால், இரண்டு கைகளோடு தலையும் சேர்ந்து மூன்று தாங்குமிடங்கள் கிடைக்கும். திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றால், கழுத்து வாரை முன்னோக்கி இழுத்து விறைப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சாய இடம் தேடுங்கள். பழைய வீடுகளில் கதவு நிலை கனமான மரம். தோளையும் தலையின் பக்கவாட்டையும் அதில் சாய்த்தால் இரண்டு மடங்கு மெதுவான வேகத்திலும் படம் நிற்கும். தரையில் உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, அதன் மேல் முழங்கையை ஊன்றினால் இன்னும் உறுதி. ஆனால் முழங்கையின் எலும்பை முழங்கால் எலும்பின் மேல் வைக்க வேண்டாம், வழுக்கும். சதைப்பகுதி படியட்டும்.

மூச்சை இழுத்து அடக்குவது தவறு. நெஞ்சு இறுகிக் கை நடுங்கும். இயல்பாக மூச்சை விட்டு, அடுத்த மூச்சு வருமுன் இருக்கும் சிறு இடைவெளியில் பொத்தானை அழுத்துங்கள். விரலால் குத்தாமல், பாதி அழுத்திக் காத்திருந்து, விரலின் சதையை மெல்ல உருட்டுவதைப் போல மீதியை அழுத்த வேண்டும். தொடர்படங்களாக மூன்று எடுத்தால், விரல் அழுத்தும் அசைவு முதல் படத்திலும் விடும் அசைவு கடைசிப் படத்திலும் பதிந்து, நடுப்படம் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

பாட்டி பூசையறையில் விளக்கேற்றுவதை நான் இப்படித்தான் எடுத்தேன். நிலைப்படியில் சாய்ந்து, 35 மி.மீ. லென்ஸ், எஃப் 2, ஐ.எஸ்.ஓ. 3200, வேகம் 1/60. "சீக்கிரம் எடுப்பா, காத்துக்கு வெளக்கு அணஞ்சிடப் போகுது" என்று சொல்லிக்கொண்டே திரியைத் தூண்டினார். அவர் பேசி முடித்து, திரி நின்று எரிகிறதா என்று பார்த்த அந்த ஒரு கணத்தில் கை, முகம், சுடர் மூன்றும் அசையவில்லை. எந்தச் செயலிலும் இப்படி ஒரு நிற்குமிடம் வரும். அதற்காகக் காத்திருந்தால் 1/60-உம் 1/250-ஐப் போல வேலை செய்யும்.

நிலைப்படுத்தி எதைச் செய்யும், எதைச் செய்யாது

லென்ஸுக்குள் கண்ணாடித் தொகுதியை நகர்த்தி ஆட்டத்தை ஈடுகட்டும் நிலைப்படுத்தி நுட்பம், லென்ஸ் மாற்றும் எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கு 1995-இல் கேனனின் 75-300 மி.மீ. லென்ஸ் மூலம் வந்தது. சென்சாரையே நகர்த்தும் முறையை 2003-இல் மினோல்டா கொண்டுவந்தது. நான்கு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் இரு மடங்கு) என்று பெட்டியில் எழுதியிருந்தால், 1/50 தேவைப்படும் இடத்தில் 1/3 வரை போகலாம் என்பது பொருள். மரச்செதுக்கலையும் தூணையும் எடுக்க அது வரம். ஆனால் 1/3 நொடியில் ஒரு மனிதர் கண் சிமிட்டித் தலையைத் திருப்பிவிடுவார். நிலைப்படுத்தி உங்கள் கையைத்தான் தணிக்கும், எதிரே இருப்பவரைத் தணிக்காது. பாதி அழுத்தியதும் அது நிலைகொள்ள அரை நொடி கொடுங்கள். முக்காலியில் வைக்கும்போது, குறிப்பாகப் பழைய லென்ஸ்களில், அதை அணைத்துவிடுங்கள். இல்லாத ஆட்டத்தைத் தேடி அதுவே ஆடத் தொடங்கும்.

முக்காலியும் அதன் ஏழைச் சகோதரர்களும்

பலகைத் தளம் போட்ட மாடியில் முக்காலியை முழுதாக நம்ப வேண்டாம். யாராவது கூடத்தின் மறுமுனையில் நடந்தால் தளம் அதிரும், அந்த அதிர்வு மூன்று கால் வழியாகவும் கேமராவுக்கு ஏறும். சுவரை ஒட்டி, பலகையின் அடியில் உத்தரம் ஓடும் இடத்தில் கால்களை வையுங்கள். நடமாட்டம் நின்ற பிறகே எடுங்கள். மின்விசிறிக் காற்றில் ஆடும் கழுத்து வாரையும் கழற்றிவிடுங்கள். பொத்தானைக் கையால் அழுத்தாமல் 2 நொடி டைமர் வைத்தால் விரலின் ஆட்டம் அடங்கியிருக்கும். கண்ணாடி மேலெழும் பழைய டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள், 1/60-க்கும் 1/4-க்கும் இடைப்பட்ட வேகங்களில் அந்தக் கண்ணாடியின் உதைப்பே படத்தை ஆட்டும் என்பதால், அதை முன்கூட்டியே உயர்த்தி வைக்கும் அமைப்பையோ பின்திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூவையோ பயன்படுத்துவது நல்லது.

கூட்டம் நிறைந்த கோவில் மண்டபத்திலும் பல அருங்காட்சியகங்களிலும் முக்காலி விரிக்க விடமாட்டார்கள். கேட்டுக்கொண்டு செய்யுங்கள். கருவறையைப் படமெடுக்கக் கூடாது என்றால் விவாதிக்க வேண்டாம். அத்தகைய இடங்களுக்கு நான் இரண்டு பொருள்களை வைத்திருக்கிறேன். ஒன்று, பச்சைப்பயறு நிரப்பித் தைத்த துணிப்பை. மேசை, படிக்கட்டுக் கைப்பிடி, திண்ணை எதன் மேலும் அதை வைத்துக் கேமராவை அழுத்தினால் பள்ளம் விழுந்து இறுகப் பிடித்துக்கொள்ளும். மற்றொன்று, ஒரு திருகில் கட்டிய கயிறு. திருகைக் கேமராவின் அடியில் மாட்டி, கயிற்றின் மறுமுனையைக் காலால் மிதித்து, கேமராவை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் மேலுங்கீழுமான ஆட்டம் வெகுவாகக் குறையும். திருகு வாங்கும்போது கவனம் தேவை. கேமராவின் துளை கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. இரும்புக்கடையில் எளிதாகக் கிடைக்கும் 6 மி.மீ. திருகு பார்வைக்கு அதைப் போலவே இருக்கும், ஆனால் புரி பொருந்தாது, வலிந்து திருகினால் துளை பாழாகும். சரியான திருகையும் ஐந்து மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் முறுக்க வேண்டாம்.

ஃபிளாஷ் பற்றிச் சுருக்கமாக: தனி ஃபிளாஷைக் கூரையை நோக்கித் திருப்பினால், வெள்ளைக் கூரையாக இருக்கும்வரை, ஒளி பரவி மென்மையாக விழும். அதன் ஒளி பெரும்பாலும் 1/1000 நொடிக்கும் குறைவாகவே நீடிப்பதால் ஆட்டம் பதியாது. கடைவீட்டின் கரிய மரக்கூரையில் இது பயன்படாது.

கைப்பேசியில்

இருட்டில் கைப்பேசி ஒரே படத்தை எடுப்பதில்லை. பல படங்களை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துகிறது. இரவுப் பயன்முறை மூன்று நொடி என்று காட்டினால் அந்த மூன்று நொடியும் நீங்கள் நிற்க வேண்டும். இரு கைகளாலும் பிடித்து, முழங்கைகளை ஒட்டி, திரையைத் தட்டாமல் ஒலிப் பொத்தானை அழுத்துங்கள், அல்லது ஒரு டம்ளரில் சாய்த்து வைத்து டைமரை இயக்குங்கள். வெளிச்சம் குறைந்தால் பல கைப்பேசிகள் தூரலென்ஸை விட்டுவிட்டு முதன்மை லென்ஸின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கித் தருகின்றன என்பதால், இங்கும் ஜூமைவிட நடப்பதே மேல்.

எடுத்த இடத்திலேயே சரிபாருங்கள்

கேமராவின் பின்திரையில் எல்லாப் படமும் கூர்மையாகத்தான் தெரியும். முழு அளவுக்குப் பெரிதாக்கி, கண்ணிமையையோ சேலைக் கரையின் சரிகையையோ பாருங்கள். கொக்கி தெரிந்தால் வேகத்தை இரண்டு மடங்கு உயர்த்தி மறுபடி எடுங்கள். கல்யாண மண்டபத்தில் இந்தச் சோதனையை மணமக்கள் மேடைக்கு வருமுன்னே, ஐயர் ஓமம் வளர்க்கும் நேரத்தில் முடித்துவிடுங்கள். கெட்டிமேளம் ஒலிக்கத் தொடங்கியதும் திரையைப் பார்க்காமல், முழங்கையை விலாவோடு ஒட்டி, மூன்று மூன்றாக எடுத்துக்கொண்டே இருங்கள்.